வி.ஆர். எங்கே இருக்கிறது?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மார்ச் மாதப் பொதுக்கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேடையில் பேசும்போது விட்டுப்போன இரண்டொரு விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.)



டிசம்பர் கூட்டத்தில், கோடை விடுமுறைக்குக் குழந்தைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று பேச்சு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வண்டலூர் பார்த்தாச்சு, மாமல்லபுரம் பார்த்தாச்சு, வி.ஆர். விளையாட்டுக்குத்தான் போகணும் என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். சரி, சென்னையில் அது எங்கெங்கே இருக்கிறது, எது நல்லது, என்ன செலவாகும் என்று பார்த்துவிட்டு வந்து சொல்லும் வேலையைச் செயலாளர் என் தலையில் கட்டினார். ஏன் சார் நான் என்று கேட்டேன். “நீங்கதானே சும்மா இருக்கீங்க” என்றார். 36 வருஷம் வங்கியில் கணக்கு எழுதிவிட்டு ஓய்வு பெற்றவனுக்கு அதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்!

எனக்குத் தெரிந்த வி.ஆர். எல்லாம் வி.ஆர்.எஸ். மட்டும்தான். 2000, 2001 வாக்கில் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது எங்கள் கிளையிலேயே மூன்று பேர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கும் ஆசைதான். பெண்ணுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்ததால் பேனாவை மூடி வைத்துவிட்டேன். ஆகவே இந்தப் புது வி.ஆரைப் பற்றிப் பேசுவதற்கு எனக்குத் தகுதி கிடையாது. போய்ப் பார்த்து வந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வி.ஆர். என்பதைத் தமிழில் மெய்நிகர் என்கிறார்கள். நீச்சல்காரர் போடும் கண்ணாடியைப்போல, ஆனால் அதைவிடப் பெரிதாக, ஒரு பெட்டியைக் கண்ணை மூடித் தலையில் மாட்டுவார்கள். உள்ளே இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம். இரண்டு படத்துக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருப்பதால் மூளை அதை ஆழமுள்ள ஒரே காட்சியாகச் சேர்த்துக்கொள்கிறது. இந்தத் தந்திரத்தை வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1838லேயே காட்டிவிட்டார். தலையைத் திருப்பினால் படமும் கூடவே திரும்புகிறது பாருங்கள், அதுதான் புதுசு. அதற்கும் 1968லேயே அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் என்பவர் ஒரு கருவி செய்தார். அது கனத்தால் கூரையிலிருந்து கம்பியில் தொங்கியதாம். இன்றைக்கு அரை கிலோவில் வந்துவிட்டது.

டிசம்பர் விடுமுறையில் பெங்களூரிலிருந்து என் பேரன் வந்தான். 11 வயது. அவனையே துணைக்கு வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன். கைப்பேசியில் “வி.ஆர். சென்னை” என்று போட்டேன். முதல் பெயரே வந்து நின்றது. அண்ணா நகர் பக்கம், திருமங்கலம். படங்களும் அமர்க்களமாக இருந்தன. மெட்ரோவில் ஏறித் திருமங்கலத்தில் இறங்கி நடந்தோம். பிரமாண்டமான கட்டடம். வாசலில் நின்ற காவலாளியிடம், “தம்பி, வி.ஆர். எங்கே இருக்கு?” என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இதுதான் சார் வி.ஆர்.” என்றார். “கட்டடம் இல்லப்பா, வி.ஆர். எந்த மாடியில?” “எல்லா மாடியும் வி.ஆர்.தான் சார்.”

பேரன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அது 2018இல் திறந்த வணிக வளாகம். அதன் பெயரே வி.ஆர். சென்னை. விர்ச்சுவஸ் ரீடெய்ல் என்ற நிறுவனப் பெயரின் முதல் எழுத்துகள். விர்ச்சுவல் அல்ல, விர்ச்சுவஸ்! ஓர் எழுத்து மாறினால் காசோலையைத் திருப்பி அனுப்பிய ஆள் நான். எனக்கே இப்படி ஆகிவிட்டது. வந்ததற்கு ஆளுக்கு ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். நீங்கள் தேடும்போது வி.ஆர். என்று மட்டும் போடாதீர்கள். “வி.ஆர். கேமிங்” என்றோ “வி.ஆர். ஆர்கேட்” என்றோ போட்டு, கூடவே உங்கள் பேட்டையின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படித் தேடினாலும் வேறொரு சிக்கல். வரைபடத்தில் இருக்கும் கடை தரையில் இருக்காது. இரண்டு இடங்களுக்கு நேரில் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். ஓரிடத்தில் இப்போது மொபைல் உறை விற்கிறார்கள். ஒரு வணிகவியல் பட்டதாரியாக யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. மாலில் வாடகை அதிகம். ஒரு கருவியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் மாட்ட முடியும். மாட்டிவிடவும் கழற்றிவிடவும் ஓர் ஆள் சம்பளத்துக்கு வேண்டும். வந்தவர் அதே காட்சியைப் பார்க்க மறுபடி வரமாட்டார். போதாக்குறைக்கு 2020இல் கொரோனா வந்து, இன்னொருவர் முகத்தில் வைத்ததைத் தன் முகத்தில் வைக்க யாரும் தயாராக இல்லை. மூடாமல் என்ன செய்வார்கள்? ஆகவே மதிப்புரையில் எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பதைவிட, கடைசி மதிப்புரை எந்த மாதம் என்று பாருங்கள். பிறகு போன் செய்து ஒரு மனிதக் குரலைக் கேட்ட பிறகு கிளம்புங்கள்.

இப்படியாக ஏழு இடம் பார்த்தேன். வெளியில் எல்லாம் வி.ஆர். என்றே போர்டு. உள்ளே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை.

மால்களில் மேல்மாடியில் குழந்தைகள் விளையாட்டுப் பகுதி இருக்குமே, அங்கே முட்டையை வெட்டி வைத்ததுபோல இரண்டு நாற்காலி வைத்திருப்பார்கள். 9டி என்று எழுதியிருக்கும். நாற்காலி ஆடும், காற்று அடிக்கும், ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒன்பது பரிமாணம் எது எது என்று அங்கிருந்த பையனிடம் கேட்டேன். அவன் மூன்று வரை சொன்னான். இன்னொரு வகையில், பத்துக்குப் பத்து அறையில் கம்பியில்லாக் கருவியோடு நின்று விளையாடலாம். மூன்றாவது வகை பெரிய காலி கூடம். நான்கைந்து பேர் சேர்ந்து கருவியை மாட்டிக்கொண்டு நிஜமாகவே நடந்து திரியலாம். நான் பார்த்தவற்றில் குழந்தைகளுக்கு உண்மையான சந்தோஷம் கிடைப்பது இந்த மூன்றாவதில்தான். கார் ஓட்டும் யந்திரங்களும் இருக்கின்றன. என் வயதுக்காரர்கள் அதில் உட்கார வேண்டாம்.

முட்டை நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். ரோலர் கோஸ்டர் காட்சி. இரண்டாவது நிமிஷம் வயிற்றைப் புரட்டியது. மூன்றாவது நிமிஷம் கழற்றச் சொல்லிவிட்டேன். அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. இது பயத்தினால் அல்ல. கண், நீ பாய்ந்து போகிறாய் என்று சொல்கிறது. காதுக்குள் உடம்பின் நிலையைக் காட்டும் உறுப்பு, இல்லை, நீ உட்கார்ந்துதான் இருக்கிறாய் என்கிறது. இரண்டு லெட்ஜரும் ஒத்துப்போகவில்லை. மூளை குழம்பிப்போகிறது.

இதே குழப்பத்தைத் தலைகீழாக நான் சின்ன வயதிலேயே அனுபவித்திருக்கிறேன். என் சொந்த ஊர் காட்டூர். பொன்னேரி வட்டம், மீஞ்சூரில் ரயிலிறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். பழவேற்காட்டு ஏரிப் பக்கத்துக் கிராமம். என் தாய்மாமா ஏரியில் தொழில் செய்தவர். முதல்முறை அவர் படகில் ஏறியபோது நான் குனிந்து படகுக்குள் கிடந்த இறாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலை சுற்றியது. உடம்பு ஆடுவது காதுக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. மாமா, “உள்ள பாக்காதடா, தூரத்துல கரையப் பாரு” என்று அதட்டினார். பார்த்தேன், சரியாகிவிட்டது. வி.ஆரில் அந்த வைத்தியம் செல்லாது. பார்ப்பதற்குக் கரையே கிடையாது. கழற்றுவது ஒன்றுதான் வழி. தன் காலாலேயே நடந்து விளையாடும் கூடத்தில் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் கண்ணும் காதும் அங்கே ஒரே சாட்சி சொல்கின்றன. குழந்தைகளுக்கு முதல் ஆட்டம் அந்த மாதிரி இருக்கட்டும். பறக்கிற, விழுகிற, பாய்கிற காட்சிகள் எடுத்த எடுப்பில் வேண்டாம். வலிப்பு வந்த சரித்திரம் உள்ள குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம்.

வயதைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். அதிகம் விற்கும் கருவிகளில் ஒன்றான மெட்டா குவெஸ்ட்டுக்கு முதலில் 13 வயது என்று வைத்திருந்தார்கள். 2023இல் பெற்றோர் கட்டுப்பாட்டில் 10 வயது முதல் என்று தளர்த்தினார்கள். ஆனால் நான் பார்த்த இடங்களில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் மாட்டிவிடுகிறார்கள். கேட்டால், “ஒண்ணும் ஆகாது அங்கிள்” என்கிறார்கள். தயாரித்தவனே வேண்டாம் என்று எழுதியிருப்பதை விற்பவன் பரவாயில்லை என்று சொன்னால் நான் யாரை நம்புவேன் என்று உங்களுக்கே தெரியும்.

சுத்தம். இது புதுக் கவலை இல்லை. 1984இல் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ வந்தது ஞாபகம் இருக்கிறதா? இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம், மலையாளத்தில் நவோதயா அப்பச்சன் தயாரித்து அவர் மகன் ஜிஜோ இயக்கியது. கண்ணாடி கொடுத்து வாங்குவார்கள். அந்தக் கண்ணாடியால் மெட்ராஸ் ஐ பரவுகிறது என்று புரளி கிளம்பியது. ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் கண்ணாடியைச் சுத்தம் செய்கிறோம் என்று பிரபல நடிகர்களையே திரையில் சொல்லவைத்து அந்தப் புரளியை அடக்கினார்கள். அதே அப்பச்சன்தான் பிறகு 1995இல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவைத் திறந்தார். நம் பிள்ளைகளை எத்தனை முறை அங்கே கூட்டிப்போயிருப்போம்! 40 வருஷம் கழித்தும் நான் கேட்கும் கேள்வி அதுதான்: ஒருவர் கழற்றியதும் என்ன செய்கிறீர்கள்? ஓரிடத்தில் முகம்படும் பஞ்சை ஈரத்தாளால் துடைத்துக் காயவைத்து, தனியாக ஒரு தாள் முகமூடியும் கொடுத்தார்கள். மற்றோரிடத்தில் பையன் தன் சட்டையில் துடைத்தான்.

பணத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் வேலைக்கு அவமானம். சில இடங்களில் காசு வாங்கமாட்டார்கள். கார்டு வாங்கிப் பணம் ஏற்ற வேண்டும், 500, 1000 என்று. ஓர் ஆட்டத்துக்கு 180 எடுத்தார்கள். இரண்டு ஆட்டம் ஆடினோம், 500இல் 140 மிச்சம். 140க்கு அங்கே ஒன்றும் ஆட முடியாது. திருப்பிக் கேட்டால் திருப்ப மாட்டோம், ஆறு மாதத்தில் காலாவதி என்கிறார்கள். எந்த இடம் என்று சொல்ல விரும்பவில்லை, இது பல இடங்களில் உள்ள வழக்கம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். வங்கியில் நீங்கள் 140 ரூபாயைப் போட்டுவிட்டு மறந்தே போனாலும், பத்து வருஷம் கழித்து அது ரிசர்வ் வங்கியிடம் இருக்கும் நிதிக்குப் போகுமே ஒழிய வங்கி அதை விழுங்க முடியாது. அதன் பிறகும் உங்கள் வாரிசு வந்து கேட்டால் கொடுத்தே தீர வேண்டும். விளையாட்டு கார்டுக்கு அந்தப் பத்து வருஷம் கிடையாது. ஆகவே ஒரே கார்டில் எல்லோருக்கும் ஏற்றுங்கள், ஆட்டத்தின் விலையைக் கேட்டுக் கணக்குப் போட்டு அந்தத் தொகையை மட்டும் ஏற்றுங்கள். 15 நிமிஷம் என்றால் கருவி தலையில் இருக்கும் நேரமா, உள்ளே வந்து வெளியே போகும் வரையா என்றும் முன்னாலேயே கேளுங்கள்.

செலவே இல்லாமல் இந்த ருசியைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஓரிடம் உண்டு. மெரினாவில் கருணாநிதி நினைவிடத்தின் கீழே 2024இல் திறந்த ‘கலைஞர் உலகம்’ அருங்காட்சியகத்தில், ரயில் பயணம்போல அமைத்த ஓர் அரங்கு இருக்கிறது. இணையத்தில் முன்பதிவு செய்தால் இலவசம். அரசியல் அவரவர் விருப்பம், தொழில்நுட்பத்துக்காகப் பார்க்கலாம். கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்தையும் நாம் மறந்தே போய்விட்டோம். 1988இல் திறந்தது. தலையில் எதுவும் மாட்டாமல், 9டி என்று எழுதாமல், அண்ணாந்து படுத்தால் வானமே மேலே வந்துவிடுகிறது.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் இங்கே நின்று பேசுவதற்குக் காரணம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். காட்டூரில் என் அக்கா இருக்கிறார், 76 வயது. முட்டிவலியால் வாசலைத் தாண்டுவது குறைந்துவிட்டது. சி பிளாக் தம்பி ஒருவர் தன் வி.ஆர். கருவியை இரவல் கொடுத்திருந்தார். அதைப் பேரன் பத்திரமாக எடுத்து வந்தான். பெரியபாட்டிக்குக் கடலுக்கடியில் திமிங்கிலம் வரும் காட்சியைக் காட்ட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. மாட்டிவிட்டோம். எங்கள் ஊரில் சின்ன வயதில் திருவிழாவுக்குப் படப்பெட்டிக்காரர் வருவார், ஓட்டையில் கண்ணை வைத்தால் உள்ளே தாஜ்மஹால் தெரியும். அக்கா அதை நினைத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். இரண்டு கண்ணையும் திற என்றதும் “அம்மாடி!” என்று கையை நீட்டினார். திமிங்கிலத்தைத் தொடப் பார்த்தார். பேரனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நிமிஷம் இருக்கும். தானே கழற்றிவிட்டார். பிடிக்கவில்லையா என்றேன். “நல்லாத்தான் கீது. இன்னா, எதிர்ல இருக்கற ஆளு தெரியல, வாசப்படி எங்கன்னு தெரியல. இத மாட்டிக்கினா புள்ளைய யாருடா பாத்துக்கறது?” என்று கேட்டார்.

ஏழு இடம் பார்த்து, விலை கேட்டு, சுத்தம் கேட்டு, வயது கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தேன். இந்தக் கேள்வியை ஓரிடத்திலும் நான் கேட்கவில்லை.

அக்கா சும்மா கேட்கவில்லை. 2011ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகில் போனவர்கள் கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உயிர்காப்பு மிதவை இல்லை. படகில் இத்தனை பேர்தான் என்ற கணக்கு இல்லை. கரையில் கேட்பதற்கு ஆள் இல்லை. அதற்குப் பிறகுதான் சுற்றுலாக்காரர்களைப் படகில் ஏற்றத் தடை வந்தது. சாதாரணமாக ஏரி ஆள் ஆழம்கூட இருக்காது, பல இடங்களில் இடுப்பளவுதான் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். முகத்துவாரத்துப் பக்கம் அப்படி இல்லை என்பதும் தெரியும். வந்தவர்களுக்குத் தெரியாது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ராஜ்கோட் ஞாபகம் வந்துவிட்டது. 2024 மே 25, சனிக்கிழமை. குஜராத்தில் ராஜ்கோட் நகரில் ஒரு விளையாட்டு அரங்கு. விடுமுறைச் சலுகை, 99 ரூபாய் டிக்கெட். கூட்டம். உள்ளேயே வெல்டிங் வேலை நடந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டருக்கும் பந்தயக் காருக்கும் எரிபொருள் உள்ளேயே வைத்திருந்தார்கள். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லை. 25க்கும் மேற்பட்டவர்கள் கருகி இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. மனிதன் உண்டாக்கிய பேரழிவு என்று குஜராத் உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அங்கே பிள்ளைகளின் கண் திறந்திருந்தது. நாம் போகப்போவது, பிள்ளையின் கண்ணைக் கட்டி, காதில் சத்தத்தை வைத்து, இருட்டுக் கூடத்தில் நிறுத்தும் இடம். மணி அடித்தால் அவனுக்குக் கேட்காது. புகை வந்தால் தெரியாது.

ஊரிலிருந்து திரும்பியதும் அந்த ஏழில் எனக்குப் பிடித்திருந்த மூன்றுக்கு மறுபடி போனேன். இந்தத் தடவை விளையாடவில்லை. வெளியே போக எத்தனை வழி என்று பார்த்தேன். ஓரிடத்தில் இரண்டாவது கதவு இருந்தது, அதன் முன்னால் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அடித்து விட்டேன் அந்தப் பெயரை. இன்னோரிடத்தில் தீயணைக்கும் சிலிண்டரில் சோதித்த தேதியைப் படித்தேன், காலாவதி. நிர்வாகியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “யாரும் இதையெல்லாம் பாக்கறதில்ல சார்” என்றார். நான் பார்ப்பேன் தம்பி, எனக்கு வேறு வேலை கிடையாது என்றேன். பத்து நாள் கழித்துப் புது சிலிண்டரின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஆனாலும் அங்கே ஒரே வழிதான், ஆகவே வேண்டாம். மூன்றாவது இடம் தரைத்தளத்தில் இருக்கிறது. இரண்டு வழி, இரண்டும் திறந்திருந்தன. கண் கட்டிய இரண்டு பிள்ளைக்கு ஓர் ஊழியர் கண் திறந்து நிற்கிறார். எல்லாக் கருவியிலும் படத்தை நிறுத்த ஒரே பொத்தான் இருக்கிறது, அமுக்கிக் காட்டச் சொன்னேன், காட்டினார். ஊர் பேர் இங்கே எழுதவில்லை, விளம்பரம் ஆகிவிடும். அலுவலகத்தில் என் நோட்டு இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம்.

இப்போது கணக்கு. பெயர் கொடுத்த பிள்ளைகள் 34. பத்து வயதுக்குக் கீழே 10 பேர். அவர்களைக் கோளரங்கத்துக்கு அனுப்பலாம் என்பது என் யோசனை. அழுவார்கள், தெரியும். மீதி 24. அங்கே கருவி 4. ஆட்டம் 15 நிமிஷம், மாட்ட, கழற்ற, துடைக்க 5 நிமிஷம். மணிக்கு 12 பேர். ஆக இரண்டு மணி நேரம். தலைக்கு 350 என்று பேசி முடித்தேன், மொத்தம் 8,400. கார்டு கிடையாது, ரசீது உண்டு.

யார் முதலில் என்று சண்டை வரும். அதற்கும் பழவேற்காட்டில் வழி இருக்கிறது. அங்கே ‘பாடு’ என்று ஒரு முறை. ஏரியில் நல்ல இடம் கொஞ்சம்தான், வலைக்காரர் நிறைய. எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று கிராமத்தார் கூடி முறை வைத்துக்கொள்வார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறு இடம். மாமா மழையோ வெயிலோ தன் முறையை விடமாட்டார், அடுத்தவர் முறையில் கால் வைக்கவும் மாட்டார். நம் 24 பேருக்கும் அதேபோல நான்கு நான்கு பேராகக் குலுக்கல் போட்டுவிடுகிறேன். செயலாளர் பேரனாக இருந்தாலும் குலுக்கல்தான்.

ஓர் உறுப்பினர் கூட்டம் முடிந்ததும் கேட்டார், இவ்வளவு கவலை இருந்தால் இதை விட்டுவிட்டு எல்லோரையும் பழவேற்காட்டுக்கே கூட்டிப் போகலாமே, இயற்கையைக் காட்டலாமே என்று. எனக்கும் ஆசைதான். ஜனவரியில் பேரன் அங்கே பூநாரைக் கூட்டத்தைப் பார்த்தான். இருளர் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி, பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பதைப் பார்த்தான். அவனும் சேற்றில் இறங்கினான், செருப்பு ஒன்று போயிற்று. ஆனால் மே மாதத்தில் பூநாரை இருக்காது, வெயில் மண்டையைப் பிளக்கும். படகுக்குத் தடை, கொடுக்கிறேன் என்று யாராவது கூப்பிட்டாலும் ஏறக் கூடாது. குளிர்காலத்தில் போகலாம். பிள்ளைகள் வி.ஆர். கேட்டிருக்கிறார்கள், அதை வி.ஆராகவே கொடுப்போம். திருச்சியில் ரயில்வே வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டியபோதும், எதற்கு இந்தக் கண்கட்டு வித்தை என்று நம் கொள்ளுத்தாத்தாக்கள் கேட்டிருப்பார்கள். கேட்டுவிட்டு வரிசையில் நின்றிருப்பார்கள்.

தேதி மே 9, சனிக்கிழமை, காலை 10 மணி. கூட வரும் பெற்றோர் ஆறு பேர் வேண்டும், இதுவரை நான்கு பேர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நிபந்தனை: அந்த ஆறு பேரும் கருவியை மாட்டக் கூடாது, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டும் நிற்கக் கூடாது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. வலிப்பு, தலைசுற்றல், கண் அறுவை எதுவும் இருந்தால் சம்மதப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். படிவம் காவலாளி மேஜையில் இருக்கிறது. ஏப்ரல் 20க்குள் பணத்தோடு என்னிடம் கொடுங்கள். யு.பி.ஐ. அனுப்புகிறவர்கள் பிளாக், வீட்டு எண் குறிப்பிடாமல் அனுப்பினால் யாருடைய பணம் என்று தேட இப்போது என்னிடம் சப்-ஸ்டாஃப் இல்லை.